மூன்று வரியில் முடித்திருக்கலாம்

1893 ஜூன் 26. இல்லினாய் மாநிலத்தின் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டில், மாநிலச் செயலரின் அலுவலகத்தில் வேலை பார்த்துவந்த பிராண்ட் விட்லாக் என்ற இளைஞரிடம் மூன்று விடுதலை ஆணைகளைத் தயார் செய்யச் சொன்னார்கள். வெளியே மூச்சு விடக்கூடாது என்றும் சொன்னார்கள். தாள்களை எடுத்துக்கொண்டு அவர் ஆளுநரின் அறைக்குப் போனபோது, சிகாகோவிலிருந்து வந்திருந்த ட்ரேயர் என்ற வங்கியாளர் அங்கே காத்திருந்தார். கைதிகளின் விடுதலைக்காக நெடுநாள் அலைந்தவர் அவர். ஆணைகள் கைக்கு வந்ததும் அவருக்குப் பேச்சு எழவில்லை, கண் கலங்கிவிட்டது. ஆளுநரோ கடிகாரத்தைப் பார்த்தார். ஜோலியட் சிறைக்குப் போக வேண்டிய ரயில் கிளம்பிவிடப்போகிறதே என்பதுதான் அந்த நேரத்தில் அவருடைய கவலை.

அந்த ஆளுநர் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட். அமெரிக்க மாநில ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகத் தலைவர். நம்மூர் முதலமைச்சரை ஒத்த பதவி. அன்று அவர் விடுவித்த மூவர் சாமுவேல் ஃபீல்டன், மைக்கேல் ஷ்வாப், ஆஸ்கர் நீபி. மே தினக் கதையின் பின்பாதியில் வரும் பெயர்கள் இவை. 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கூட்டம் நடத்திய நாளிலிருந்து அந்தக் கதை தமிழ் மேடைகளுக்குப் புதிதல்ல. எட்டு மணி நேர வேலைக்கான போராட்டம், சிகாகோவில் வெடித்த குண்டு, தூக்கிலேறிய நால்வர். கதை அநேகமாக அங்கேயே நின்றுவிடும். உயிரோடு சிறையில் இருந்த மூவருக்கு யார் கதவைத் திறந்தார்கள், அதற்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்பதைப் பேசுவோர் குறைவு.

அவர்களை விடுவித்தது மட்டும் ஆல்ட்கெல்டின் சாதனை என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். போதுமான தண்டனை அனுபவித்துவிட்டார்கள், இரக்கம் காட்டுகிறேன் என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் ஊர் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு அடங்கியிருக்கும். ஆயிரக்கணக்கானோர் கேட்டதும் அதைத்தான். அப்படிக் கேட்ட மனுக்களில் கையெழுத்திட்டவர்களில் வணிகர்கள், வங்கியாளர்கள், வழக்கறிஞர்கள், நீதிபதிகள்கூட இருந்தார்கள். அவர் மூன்று வரி எழுதவில்லை. ஏறத்தாழ 18,000 சொற்கள் எழுதினார்.

அந்த அளவுக்கு எழுதத் துணிந்தவர் எங்கிருந்து வந்தார் என்பதைப் பார்க்க வேண்டும். 1847 டிசம்பர் 30-ல், ஜெர்மனியின் நாசாவ் சிற்றரசைச் சேர்ந்த ஒரு கிராமத்தில் பிறந்தார். சில மாதக் கைக்குழந்தையாக அமெரிக்கா வந்தார். ஒஹாயோ மாநிலத்தில் மான்ஸ்ஃபீல்ட் ஊரையொட்டிய நிலத்தில் குடும்பம் பயிர்செய்தது. தந்தை கண்டிப்பானவர், பிள்ளை பள்ளிக்கூடம் போவதைவிட வயலில் கை கொடுப்பதே பெரிது என்று நினைத்தவர். உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டத்தில், 16 வயதில், வடக்குப் படையில் நூறுநாள் சேவைக்குச் சேர்ந்தார் ஆல்ட்கெல்ட். வர்ஜீனியாவில் தொற்றிய காய்ச்சல் ஆயுள் முழுக்க அவரை விடவில்லை. ஆளுநராகப் பதவியேற்ற அன்றுகூட உடல் ஒத்துழைக்காமல், தன் உரையை இன்னொருவரிடம் கொடுத்துப் படித்து முடிக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

போருக்குப் பிறகு பள்ளி ஆசிரியர் வேலை. பிறகு மேற்கு நோக்கி நடை, ரயில்பாதையில் கூலிவேலை, மறுபடி காய்ச்சல். கடைசியில் மிசௌரி மாநிலத்தின் சவன்னா என்ற சிற்றூரில் ஒதுங்கிச் சட்டம் படித்தார். 1874-ல் விவசாயிகள் இயக்கத்தின் ஆதரவோடு அந்த மாவட்டத்தின் அரசு வழக்கறிஞராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பதவிக்காலம் முடியும்வரை பொறுக்கவில்லை; மறு ஆண்டே சிகாகோவுக்குக் கிளம்பிவிட்டார். தெரிந்தவர் என்று ஒருவரும் இல்லாத நகரம் அது.

1871 பெருந்தீயில் எரிந்துபோய், மறுபடி எழுந்துகொண்டிருந்த நகரம். மனை விலை ஏறிக்கொண்டே இருந்தது. ஆல்ட்கெல்ட் வழக்காடியதில் சம்பாதித்ததை மனையில் போட்டார், கட்டடம் எழுப்பினார், விற்றார், பெரிதாகக் கட்டினார். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் செல்வந்தரானார். டியர்பார்ன் தெருவில் அவர் எழுப்பிய 16 மாடி யூனிட்டி கட்டடம் அவர் பெருமையாகக் கருதிய சொத்து. தன் பணத்தின் பெரும்பகுதியை அதில்தான் கொட்டியிருந்தார். பிற்பாடு புரட்சிக்காரர் என்று ஏசப்பட்ட மனிதர், சொத்துரிமையின் பலனை முழுக்க அனுபவித்த ஒரு மனை வியாபாரி என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அதே காலத்தில், 1884-ல், அவர் ஒரு சிறு நூல் எழுதினார். தண்டனை இயந்திரமும் அதற்குப் பலியாகிறவர்களும் என்பதே அதன் தலைப்பின் பொருள். காவல் நிலையங்களிலும் சிறைகளிலும் வந்து விழுகிறவர்கள் யார் என்று அதில் கேட்டார். அபராதம் கட்ட வழியில்லாதவர்கள், வேலையற்றவர்கள், பெற்றோர் இல்லாத பிள்ளைகள். இவர்களை உள்ளே தள்ளும் முறை குற்றத்தைக் குறைக்கவில்லை, குற்றவாளிகளை உற்பத்தி செய்கிறது என்பது அவர் வாதம். ஒஹாயோவின் ஒரு மூலையில் கிளாரன்ஸ் டாரோ என்ற இளம் வழக்கறிஞர் அந்த நூலைப் படித்தார். சிகாகோ வந்ததும் ஆசிரியரைத் தேடிப் போய்ப் பார்த்தார். அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற பிரதிவாதி வழக்கறிஞராகப் பின்னாளில் வளர்ந்த டாரோ, கடைசிவரை ஆல்ட்கெல்டையே தன் வழிகாட்டியாகச் சொன்னார்.

நூல் வெளிவந்து இரண்டாண்டில் ஹேமார்க்கெட் நடந்தது.

1886 மே 1-ல் எட்டு மணி நேர வேலைக்காகச் சிகாகோவில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. மே 3-ல் மக்கார்மிக் ஆலை வாசலில் போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் மாண்டார்கள். அதைக் கண்டித்து மறுநாள் இரவு ஹேமார்க்கெட் சதுக்கத்துக்கு அருகே ஒரு கூட்டம். நகர மேயர் கார்ட்டர் ஹாரிசனே நேரில் வந்து கேட்டார். கலவரத்துக்கான அறிகுறி ஏதும் இல்லை என்று கண்டு, காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். மழை மிரட்டியதால் கூட்டமும் கலைந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் போலீஸ் அதிகாரி பான்ஃபீல்டின் தலைமையில் சுமார் 180 காவலர்கள் அணிவகுத்து வந்து கலையச் சொன்னார்கள். மாட்டுவண்டி போன்ற ஒரு சரக்கு வண்டியின் மேல் நின்று பேசிக்கொண்டிருந்தவர் ஃபீல்டன். அவர் இறங்கும் தறுவாயில் எங்கிருந்தோ ஒரு குண்டு வந்து விழுந்தது. இருட்டில் போலீஸ் கண்மூடித்தனமாகச் சுட்டது. ஏழு காவலர்கள் இறந்தார்கள். பொதுமக்களிலும் பலர் இறந்தார்கள். குண்டு வீசியவர் யார் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை.

வீசியவர் அகப்படாததால், அரசு பேசியவர்களையும் எழுதியவர்களையும் பிடித்தது. அராஜகவாதிகள் எட்டுப் பேர்மீது கொலை வழக்கு. நீதிபதி ஜோசப் கேரி. ஏழு பேருக்கு மரணம், நீபிக்குப் பதினைந்து ஆண்டுச் சிறை. அப்போதைய ஆளுநர் ஓகிள்ஸ்பி, ஃபீல்டன், ஷ்வாப் இருவரின் மரண தண்டனையை ஆயுளாக்கினார். லூயிஸ் லிங் தூக்குக்கு முந்தைய நாள் சிறையறையிலேயே உயிரை விட்டார். ஸ்பைஸ், பார்சன்ஸ், ஃபிஷர், எங்கல் ஆகிய நால்வரும் 1887 நவம்பர் 11-ல் தூக்கிலிடப்பட்டார்கள்.

இந்தக் காலம் முழுவதும் ஆல்ட்கெல்ட் வாய் திறக்கவில்லை. தீர்ப்பு வந்த சில மாதங்களில் அவரே சிகாகோவில் நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தூக்கை நிறுத்தக் கோரி நகரின் பெரிய மனிதர்கள் சிலர் வெளிப்படையாகக் கேட்டபோதும் அவர் பெயர் அதில் இல்லை. அவரைப் போற்றுகிறவர்கள் தாண்டிப்போகும் இடம் இது. தாண்ட வேண்டியதில்லை. கருத்துச் சொல்வதால் ஒன்றும் மாறாத இடத்தில் மௌனமாக இருந்தவர், கையெழுத்தால் மாற்றக்கூடிய இடத்துக்கு வந்ததும் செய்தார் என்று நான் புரிந்துகொள்கிறேன். ஆனாலும் அந்த நால்வரின் உயிர் கணக்கில் இல்லாமல் போகாது.

1892 தேர்தலில் அவர் ஆளுநரானார். உள்நாட்டுப் போருக்குப் பின் இல்லினாயில் வென்ற முதல் ஜனநாயகக் கட்சிக்காரர். வெளிநாட்டில் பிறந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் மனிதர். பதவியேற்ற உடனே விடுதலை வரும் என்று டாரோ போன்ற நண்பர்கள் எதிர்பார்த்தார்கள். ஒரு மாதம் போயிற்று, மூன்று மாதம் போயிற்று. அவர் வழக்கின் ஆவணங்களைப் பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

முடிவில் அவர் எழுதியதைப் படித்தால், இரக்கம் என்ற வாசலை முதலிலேயே சாத்திவிடுவது தெரியும். இவர்கள் கொலைகாரர்கள் என்றால், விசாரணையும் நேர்மையாக நடந்தது என்றால், தலையிட ஆளுநருக்கு வேலையில்லை. எந்தத் தண்டனையும் கூடுதல் ஆகாது. நேர்மையாக நடக்கவில்லை என்றால், அவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்ற பேச்சுக்கே இடமில்லை, விட்டாக வேண்டும். மன்னிப்பு என்ற சொல்லுக்குள்ளேயே குற்றத்தை ஒப்புக்கொள்ளும் தொனி இருக்கிறது. அந்தத் தொனியோடு அவர்களை வெளியே அனுப்ப அவர் தயாராக இல்லை.

பிறகு விசாரணையை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்கிறார். ஜூரிகளின் பெயரை வழக்கமாகப் பெட்டியிலிருந்து குலுக்கி எடுப்பார்கள். இந்த வழக்கில் ஹென்றி ரைஸ் என்பவரைச் சிறப்பு அலுவலராக நியமித்து, அவர் விருப்பப்படி ஆட்களைக் கொண்டுவரச் செய்தார்கள். பிரதிவாதிகள் நிராகரிக்கும் உரிமையை வீணாக்கித் தீர்த்துவிட்டு, அரசுத் தரப்புக்கு வேண்டியவர்களையே ஏற்கும்படி ஆகும், இவர்கள் தூக்கில் தொங்குவது உறுதி என்று ரைஸ் பேசியதாக ஒரு சிகாகோ வணிகர் சத்தியம் செய்து எழுதிக்கொடுத்திருந்தார். 981 பேரை விசாரித்துப் பன்னிருவரைத் தேர்ந்தார்கள். கைதிகள்மீது ஏற்கெனவே முடிவான கருத்து வைத்திருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னவர்களைக்கூட, இறந்த காவலர் ஒருவரின் உறவினரைக்கூட, ஜூரியாக இருக்கத் தகுதியானவர் என்றார் நீதிபதி கேரி. கேள்வியும் பதிலுமாக அந்தப் பகுதிகளை ஆல்ட்கெல்ட் அப்படியே எடுத்து அடுக்குகிறார். அந்த அடுக்கைப் படித்த பிறகு அதை நேர்மையான விசாரணை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

அடுத்து சாட்சியம். குண்டு வீசியவர் யாரென்றே தெரியாதபோது, அவர் இந்த எட்டுப் பேரின் பேச்சைக் கேட்டார், எழுத்தைப் படித்தார் என்று எப்படிச் சொல்வது? வழக்கின் அடித்தளமே இந்தக் கேள்வியின் முன் ஆடிப்போகிறது. நீபியைப் பொறுத்தவரை அரசுத் தரப்பிடம் இருந்தது இவ்வளவுதான்: ஒரு ஜெர்மன் பத்திரிகையில் சொற்பப் பங்கு, வீட்டில் ஒரு செங்கொடி, பழைய துப்பாக்கி. அவருடைய மனைவி, கணவர் சிறையில் இருக்கும்போதே இறந்துபோனார்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூட ஊர் தாங்கியிருக்கும். ஆல்ட்கெல்ட் போலீஸ் பக்கம் திரும்பினார். முந்தைய ஆண்டுகளின் வேலைநிறுத்தங்களில் சாலையில் போனவர்களையும் கடை வாசலில் நின்றவர்களையும் காவலர்கள் தடியால் அடித்து நொறுக்கியதை வரிசைப்படுத்தினார். அப்படி அடிபட்ட யாரோ ஒருவர் பழி தீர்க்க வீசிய குண்டாக இருக்கலாம் என்றார். காவலர்களின் சாவுக்கு உண்மையில் பொறுப்பு பான்ஃபீல்ட்தான் என்று எழுதினார். வழக்குக்குப் பிறகும் பரபரப்பு அடங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளத் தன் கீழதிகாரி ஷாக் தானே அராஜகச் சங்கங்களை உருவாக்க விரும்பினார் என்று போலீஸ் தலைவர் எபர்சோல்டே பத்திரிகைக்குச் சொல்லியிருந்ததையும் எடுத்துப் போட்டார். இறுதியாக, நீதிபதியின் பாரபட்சம்.

மறுநாளிலிருந்து பத்திரிகைகள் பொரிந்து தள்ளின. அராஜகவாதி, அந்நியன், அமெரிக்க ரத்தம் ஓடாதவன். கேலிச்சித்திரங்களில் அவர் கையில் தீவட்டியும் கத்தியும் முளைத்தன. கொடும்பாவி எரிந்தது. விடுதலைக்கு மறுநாள் காலை குதிரைமேல் வந்த ஆளுநரைத் தெருவில் சந்தித்த விட்லாக், இனிப் புயல் வெடிக்கும் என்கிற மாதிரி ஏதோ சொன்னபோது, எதிர்பார்த்ததுதான், சரியானதைச் செய்தேன், அவ்வளவே என்ற பொருளில் ஆளுநர் பதில் சொன்னாராம்.

கேரியை அவர் அவ்வளவு கடுமையாகச் சாடியதற்குச் சொந்தப் பகை காரணம் என்று எதிரிகள் சொன்னார்கள். அதில் கொஞ்சம் ஆதாரமும் உண்டு; நகராட்சிக்கு எதிராக ஆல்ட்கெல்ட் வென்றிருந்த ஒரு சொத்து வழக்கை மேல்முறையீட்டில் கவிழ்த்த நீதிபதிகளில் கேரியும் ஒருவர். மனத்தில் கசப்பு இருந்திருக்கலாம். ஆனால் கேரி ஜூரிகளைத் தேர்ந்த விதம் நீதிமன்றப் பதிவேட்டில் இருக்கிறது. அதை எழுதியது ஆல்ட்கெல்டின் கசப்பு அல்ல.

ஹேமார்க்கெட் நிழலில் மறைந்துபோன இன்னொரு வேலையைச் சொல்லாமல் விட முடியாது. அதே 1893-ல் இல்லினாய் சட்டமன்றம் ஒரு தொழிற்சாலைச் சட்டம் இயற்றியது. பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஆலையில் வேலை தரக்கூடாது. பெண்களுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. இதை நடைமுறைப்படுத்தத் தலைமை ஆய்வாளராக ஃபிளாரன்ஸ் கெல்லியை ஆல்ட்கெல்ட் நியமித்தார். மூன்று பிள்ளைகளோடு கணவரைப் பிரிந்து சிகாகோ வந்து, ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் என்ற சமூக சேவை இல்லத்தில் தங்கியிருந்தவர், சோஷலிஸ்ட். ஆளுநர் தேர்தலில் பெண்களுக்கு வாக்குகூட இல்லாத மாநிலத்தில் ஒரு பெண் மாநில அதிகாரியானார். அவருக்குக் கீழே பதினொருவர். ஆய்வாளர்களில் ஐந்து பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொன்னது. மாடிப்படி ஏறி, நெரிசலான குடியிருப்புகளில் நடந்த தையல் பட்டறைகளுக்குள் புகுந்து, பிள்ளைகளைக் கணக்கெடுத்தார்கள். வழக்குத் தொடர அரசு வழக்கறிஞர் இழுத்தடித்ததால், கெல்லி இரவு வகுப்பில் சேர்ந்து சட்டப் பட்டமே வாங்கிவிட்டார். 1895-ல் மாநில உச்ச நீதிமன்றம் எட்டு மணி நேரப் பிரிவைச் செல்லாது என்றது. ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரத்தைப் பறிக்கிறதாம். குழந்தைகளுக்கான தடை மட்டும் நீடித்தது.

1894 ஜூன் 26. விடுதலை ஆணை பிறந்து சரியாக ஓராண்டு. அன்றுதான் அமெரிக்க ரயில்வே சங்கம் புல்மன் நிறுவனத்தின் ரயில் பெட்டிகளைத் தொடமாட்டோம் என்று அறிவித்துப் புறக்கணிப்பைத் தொடங்கியது. சிகாகோவுக்குப் பக்கத்தில் ஜார்ஜ் புல்மன் தன் தொழிலாளர்களுக்கென ஒரு நகரத்தையே கட்டியிருந்தார். பொருளாதார நெருக்கடியைக் காட்டிக் கூலியைக் குறைத்த அவர் வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. யூஜின் டெப்ஸ் தலைமையில் வேலைநிறுத்தம் பரவி, நாட்டின் ரயில் போக்குவரத்து பெருமளவு நின்றுபோனது.

கலவரம் நடந்த வேறு ஊர்களுக்கு ஆல்ட்கெல்ட் மாநிலப் படையை ஏற்கெனவே அனுப்பியிருந்தார். கேட்டால் சிகாகோவுக்கும் அனுப்பியிருப்பார். யாரும் கேட்கவில்லை. நெடுங்காலம் ரயில் கம்பெனிகளுக்கு வழக்கறிஞராக இருந்த மத்திய அட்டர்னி ஜெனரல் ரிச்சர்ட் ஓல்னி, நீதிமன்றத்தில் தடையாணை வாங்கினார். ஜூலை 4 விடிந்தபோது, அமெரிக்கச் சுதந்திர நாளில், மத்திய ராணுவம் சிகாகோவில் இறங்கியிருந்தது. ஆளுநரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜூலை 5-ல் அதிபர் குரோவர் கிளீவ்லாண்டுக்கு ஆல்ட்கெல்ட் அனுப்பிய நீண்ட தந்தி ஓர் அரசியல் சட்ட வாதம். மூன்று ரெஜிமென்ட் மாநிலப் படை சிகாகோவிலேயே இருக்கிறது; உள்ளூர் நிர்வாகம் கைவிரித்து, மாநிலமும் இயலாமல் கேட்டால்தான் மத்தியப் படை வர வேண்டும்; ராணுவத்தைத் திரும்பப் பெறுங்கள் என்றார். அஞ்சல் தடைப்படுகிறது, மத்தியச் சட்டம் மீறப்படுகிறது என்று சுருக்கமாகப் பதில் அனுப்பினார் கிளீவ்லாண்ட். மறுநாள் இன்னொரு தந்தி. இருவரும் ஒரே கட்சி என்பது இதில் கவனிக்க வேண்டியது. ராணுவம் வந்த பிறகுதான் வன்முறை உச்சத்துக்குப் போனது; ரயில் பெட்டிகள் நூற்றுக்கணக்கில் எரிந்தன. அப்போதைய சிகாகோ மேயர் கேட்டதும் ஆல்ட்கெல்டின் படையும் இறங்கியது; அவர்கள் சுட்டதிலும் உயிர்கள் போயின. மறு ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமித்து மத்திய அரசின் பக்கம் நின்றது.

வேலைநிறுத்தம் முறிந்தது. ஆகஸ்டில் ஆல்ட்கெல்ட் புல்மன் நகரத்துக்கு நேரில் போய் வீடு வீடாகப் பார்த்தார். ஆறாயிரம் பேர் உணவின்றித் தவிக்கிறார்கள் என்று புல்மனுக்கு எழுதினார். உதவி வராது என்று தெரிந்ததும் பொதுமக்களிடம் கையேந்தினார்.

1896 சிகாகோ மாநாட்டில் ஜனநாயகக் கட்சியைக் கிளீவ்லாண்டின் பிடியிலிருந்து பறித்தவர்களில் முதன்மையானவர் ஆல்ட்கெல்ட். தடையாணையால் ஆளும் முறையைக் கண்டிக்கும் தீர்மானம் கட்சியின் கொள்கை அறிக்கையில் ஏறியது. அந்நிய மண்ணில் பிறந்ததால் அதிபர் வேட்பாளராக அவர் நிற்கச் சட்டம் இடம் தரவில்லை, பிரையன் என்பவர் நின்றார். தியடோர் ரூஸ்வெல்ட் சிகாகோவுக்கே வந்து ஆல்ட்கெல்டைத் தாக்கிப் பேசினார். பிரையனும் தோற்றார், ஆளுநர் தேர்தலில் இவரும் தோற்றார். புதிய ஆளுநர் பதவியேற்கும் நாளில் பழையவர் விடைபெற்றுப் பேசுவது வழக்கம். அவருக்கு அந்த வாய்ப்பையும் தரவில்லை.

யூனிட்டி கட்டடமும் கடனில் போனது. 1899-ல் சிகாகோ மேயர் பதவிக்குத் தனித்து நின்று தோற்றார். கடைசியில் டாரோவின் வழக்கறிஞர் அலுவலகத்தில் சேர்ந்து மறுபடி வழக்காடினார். ஒரு காலத்தில் தன்னைத் தேடி வந்த இளைஞரின் நிழலில்.

1902 மார்ச் 11 இரவு, பிரிட்டனுக்கு எதிராகப் போரிட்டுக்கொண்டிருந்த தென்னாப்பிரிக்க போயர்களுக்கு ஆதரவாக ஒரு கூட்டத்தில் பேசினார். பேசி முடித்ததும் சரிந்தார். விடிவதற்குள் உயிர் பிரிந்தது. வயது 54. அது நடந்த ஊர் ஜோலியட். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அந்த ரயில் போக வேண்டியிருந்த அதே ஊர். உடலைச் சிகாகோ பொது நூலகத்தில் வைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று பார்த்துப் போனார்கள். டாரோவும் ஜேன் ஆடம்ஸும் அஞ்சலி செலுத்திப் பேசினார்கள்.

ஷ்வாப் 1898-லும் நீபி 1916-லும் இறந்து, தூக்கிலேறிய தோழர்களின் பக்கத்தில், சிகாகோவுக்கு வெளியே வால்ட்ஹைம் கல்லறையில் புதைக்கப்பட்டார்கள். ஃபீல்டன் கொலராடோவில் நிலம் வாங்கி 1922 வரை வாழ்ந்தார். வால்ட்ஹைமில் உள்ள நினைவுச்சின்னம், விடுதலை ஆணைக்கு முந்தைய நாளான 1893 ஜூன் 25-ல் திறக்கப்பட்டது. அதில் பதித்த ஒரு வெண்கலத் தகட்டில் ஆல்ட்கெல்ட் எழுதிய அந்தக் காரணங்களிலிருந்து ஒரு பகுதி இருக்கிறது.